நொண்டும் கோழிக்கு மருந்து கலக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். அதில் பெருவிடைக் கலப்புப் பெட்டை ஒன்று, ஒன்றரை வயது இருக்கும், நான்கு நாட்களாக இடது காலைச் சரியாக ஊன்றாமல் நொண்டுகிறது. தீனி எடுக்கிறது. முட்டை மட்டும் நின்றுவிட்டது. மற்ற கோழிகள் நன்றாக இருக்கின்றன. வாத நோய் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும் வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது? பேசாமல் கறிக்கு அறுத்துவிடலாமா?

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நான்கு நாளாகியும் ஒரே கோழிக்குத்தான் தொந்தரவு. அதுவும் தீனி எடுக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட்டாக இருந்தால், தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்நேரம் இரண்டு மூன்றாவது சுருண்டு விழுந்திருக்கும். வாத நோய் என்று அவர்கள் சொல்வது மேரக்ஸ். அது பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் இளங்கோழிகளைத்தான் தாக்கும். ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிடும். உங்கள் கோழியின் வயதும் நடையும் அதற்குப் பொருந்தவில்லை. கோளாறு காலிலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்: பாதம், மூட்டு அல்லது அடி. முட்டை நின்றதைத் தனி நோயாக எண்ண வேண்டாம். வலி இருந்து, தீனி கொஞ்சம் குறைந்தாலே பெட்டை முட்டையை நிறுத்திவிடும்.

தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நொண்டும் கோழி தண்ணீர்ப் பாத்திரத்துக்குக் குறைவாகத்தான் போகும். மருந்து தேவைப்படும் அதற்கே மிகக் குறைவாகக் கிடைக்கும். தேவையில்லாத மற்றவை வயிறு முட்டக் குடிக்கும், அவற்றின் முட்டையில் மருந்து எச்சம் வரும், அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். வலி மாத்திரையும் வேண்டாம். குறிப்பாக, மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழியக் காரணமானதும் இதே மருந்துதான். 2006இல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது.

எப்படிப் பார்ப்பது

காலையில் கூட்டைத் திறந்துவிட்டதும் ஐந்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். காலைத் தரையில் வைத்துச் சட்டென்று தூக்கினால் வலி. வைத்த கால் வழுக்கிக்கொண்டு போனாலோ, விரல்கள் மடங்கியபடி இழுபட்டாலோ நரம்புக் கோளாறாக இருக்கலாம். உடலை நேராக நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, அடிக்கடி முக்கினால் கால் பிரச்சினையே இல்லை, முட்டை அடைத்திருக்கிறது. முந்தின இரவே அது அடையும் இடத்தில் ஒரு சாக்கை விரித்துவைத்தால் எச்சத்தையும் பார்த்துவிடலாம். கெட்டியாக, மேலே கொஞ்சம் வெள்ளைப் படிவோடு இருந்தால் நல்லது. பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனால் கீழே சொல்வதை எல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பிடிப்பதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் இருக்கிற காயம் பெரிதாகும். இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எடுத்து, இறக்கைகளோடு சேர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். மல்லாத்திப் போட்டு நெஞ்சை அழுத்தக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு போகும்.

விரல் நுனியில் தொடங்கி மேலே வாருங்கள், ஒவ்வோர் இடத்திலும் நல்ல காலோடு ஒப்பிட்டுக்கொண்டே. முதலில் விரல் இடுக்கு. தலைமுடி, தையல் நூல், சாக்கு நூல், காற்றாடி நூல் சுற்றி இறுகியிருப்பது வீட்டுக் கோழிகளில் சாதாரணம். வீங்கிய தோலுக்குள் நூல் புதைந்திருக்கும். எண்ணெய் தடவி ஊறவைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். சிறு கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டால் பல கோழிகள் ஓரிரு நாளில் ஓடத் தொடங்கிவிடும். விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா, உங்கள் சுண்டுவிரலை வைத்தால் பற்றுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் நரம்பு பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

பாதத்தில் கறுப்புப் பொருக்கு இருந்தால்

பாதத்தின் அடியில், நடுச்சதையில், வட்டமான கறுப்பு அல்லது பழுப்புப் பொருக்கு. சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. இதைக் கால்நடை மருத்துவர்கள் பம்பிள்ஃபுட் என்பார்கள். பெருவிடை மாதிரி எடை கூடிய கோழிகளுக்கு அதிகம் வரும். மதில், மரம், உயரமான கூடு என்று எங்கிருந்தாவது சிமென்ட் தரையில் தொப்பென்று குதிக்கும்போது பாதத்தில் சிறு வெடிப்பு விழுகிறது. முள்ளோ கம்பியோ குத்தினாலும் அப்படித்தான். தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அந்த வழியாக உள்ளே போய்ச் சீழ் பிடிக்க வைக்கிறது.

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். கட்டி என்றதும் பிதுக்குகிறார்கள். கோழியின் சீழ் நீராக வராது. பனீர்த் துண்டு போலக் கெட்டியாக உறைந்து உட்கார்ந்திருக்கும். பிதுக்கினால் வெளியே வருவதற்குப் பதில் தசைநாண்களுக்குள் பரவும். பிளேடால் கீறுவதும் வேண்டாம். அந்தச் சின்ன பாதத்துக்குள் ரத்தக் குழாயும் நாண்களும் நெருக்கமாக ஓடுகின்றன.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கிருமி மனிதர்களின் காயத்திலும் ஏறும். மணிக்கட்டில் விட்டால் சுடாத அளவு வெந்நீர் ஒரு லிட்டர் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு இரண்டு மேசைக்கரண்டி கரையுங்கள். கால் மட்டும் மூழ்கும்படி 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்கக் கூடாது, பேதியாகும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பொருக்கு ஊறித் தானாக விலகினால் எடுக்கலாம், ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பொவிடோன் அயோடின் மருந்தைத் தாராளமாக விட்டு, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு மடித்த காஸ் துணியை அதன்மேல் வையுங்கள். சுருள் கட்டுத்துணியை விரல்களுக்கிடையே எட்டு வடிவில் விட்டு, கணுவுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மைக்ரோபோர் டேப்பால் முடியுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள்; ஜில்லென்று இருந்தாலோ வீங்கியிருந்தாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். கட்டு நனைந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

முதல் நான்கு நாள் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என இரண்டு மூன்று வாரம் தொடர வேண்டியிருக்கும். ஐந்தாவது நாளிலும் வீக்கம் வடியவில்லை என்றாலோ, விரல்களுக்கு மேல்பக்கமும் வீங்கினாலோ, முழங்கால் மாதிரி பின்பக்கம் மடங்கும் அந்த மூட்டு சூடாகப் பருத்தாலோ வீட்டு வைத்தியம் போதாது. எடை பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் அறுத்துச் சீழை எடுப்பதும் மருத்துவர் வேலை. மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாதம் சுத்தமாக இருந்தால்

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, இடையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தால் அது செதில்களுக்கு அடியில் குடையும் நுண்சிலந்தி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்ததும் வேப்பெண்ணெயோ வாசலினோ கெட்டியாகப் பூசுங்கள். காற்று அடைபட்டுச் சிலந்தி சாகும். வாரம் இரண்டு முறை, குறைந்தது மூன்று நான்கு வாரம். மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் தடவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, தோல் வெந்துபோகும்.

தொடையில் பச்சை நிறம் கண்டு அழுகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். கோழிக்கு அடிபட்ட கன்றல் இரண்டு மூன்று நாளில் பச்சையாக மாறுவது இயல்பு. துர்நாற்றமோ ஈரமோ இல்லையென்றால் ஓய்வே மருந்து. கால் தொங்கினாலோ, தொடும்போது எலும்பு நறநறத்தாலோ முறிவு. கீழ்க்காலில் முறிந்தால் பஞ்சு சுற்றிச் சிம்பு வைத்துக் கட்டினால் மூன்று வாரத்தில் கூடும். தொடையில் முறிந்தால் கட்டுப் போட வழியில்லை, மருத்துவரிடம் போங்கள்.

இறக்கைக்கு அடியில் இறகைப் பிரித்துப் பாருங்கள். கறுஞ்சிவப்பாகச் சிறு புள்ளிகள் ஒட்டியிருந்தால் கோழி உண்ணியின் குஞ்சுகள். இவற்றாலும் கால் செயலிழக்கும். இவை பரப்பும் காய்ச்சலாலும் பச்சைக் கழிச்சலோடு கால் விழும். பெரிய உண்ணிகள் பகலில் கோழிமேல் இருப்பதில்லை. கூட்டின் மரப்பிளவு, சுவர் விரிசல், மூங்கில் கணுக்களில் ஒளிந்திருந்து இரவில் வந்து குடிக்கும், பல மாதம் பட்டினியும் கிடக்கும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டுக் கூட்டை விட்டுவிட்டால் மறுபடி வரும். விரிசல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். பூச்சிமருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்; மாட்டுக்கு வாங்கிய மருந்தை உத்தேசமாகத் தெளிக்க வேண்டாம்.

எதுவுமே அகப்படாமல், கடைசியாக வைத்த முட்டைகளின் ஓடு மெல்லியதாகவோ தோல்முட்டையாகவோ இருந்ததென்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவைச் சந்தேகியுங்கள். தீனியில் கிடைக்காததை எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்வதால் கால் பலவீனமாகும். கம்பு, குருணை, சோறு மட்டுமே போடும் வீடுகளில் இது அதிகம். கிளிஞ்சலைப் பொடித்தோ, முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கியோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீனியில் கலக்காதீர்கள். முட்டையிடுகிற பெட்டை தேவையானதை எடுத்துக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

முட்டை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு மூழ்க 15 முதல் 20 நிமிடம் உட்காரவைத்து, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தி முட்டையை உடைத்துவிட்டால் கோழியைக் காப்பாற்றுவது கடினம். பொழுதுக்குள் வராவிட்டால் மருத்துவர்தான்.

பஞ்சாரத்துக்குள் ஓய்வு

காரணம் எதுவானாலும் ஓய்வு தேவை. அதற்குக் கோழிமேல் கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைவிட நல்ல கருவி கிடையாது: குதிக்க உயரமில்லை, ஓட இடமில்லை. உள்ளே மூன்று அங்குலம் வைக்கோலோ உமியோ பரப்புங்கள். ஒரு பெரிய கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீனி, கால் லிட்டர் தண்ணீர். சித்திரை வெயிலில் தண்ணீர் இரட்டிப்பாகும். பாத்திரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அலகுக்கு எட்டட்டும். சோர்ந்திருந்தால் அவித்த முட்டையைப் பிசைந்து வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய் நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே விழுங்கிக்கொள்ளும்.

வெறும் கால் காயமென்றால் பஞ்சாரத்தை மற்ற கோழிகள் மேயும் இடத்திலேயே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு வாரம் பிரித்துவைத்துத் திடீரென்று விட்டால் புதுக்கோழி என்று கொத்தித் தள்ளிவிடும். குணமானபின் அந்திநேரத்தில், அடையும் சமயம் பார்த்துக் கூட்டில் விடுவது நல்லது. கழிச்சல், சளி, கழுத்துத் திருகல் இருந்தால் நேர்மாறு: எட்டாத தூரத்தில் வைத்து, நல்ல கோழிகளின் வேலையை முடித்த பிறகு கடைசியாகப் போங்கள். அங்கே போகத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பது பற்றிக் கேட்டீர்கள். நூல், அடி, பாதக்கட்டி என்றால் அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறியதும் மறுபடி முட்டையிடும். மருந்து எதுவும் கொடுக்காத, அடிமட்டுமே பட்ட கோழியின் கறியில் தவறில்லை. மூட்டில் சீழ், காய்ச்சல், கழிச்சல், காரணம் தெரியாத சோர்வு இருந்தால் சாப்பிடவும் கூடாது, சந்தைக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஊருக்கு ஊர் வெள்ளைக்கழிச்சல் போவதில் இப்படி அவசரமாக விற்ற கோழிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

திரும்ப வராமலிருக்க, அடையும் கட்டையை ஒன்றரை முதல் இரண்டு அடிக்குள் இறக்கி, ஓரங்களை மழுக்கிவிடுங்கள். கட்டை இரண்டு அங்குல அகலம் இருந்தால் பாதம் சரியாகப் பதியும். குதிக்கும் இடத்தில் சிமென்ட் இருந்தால் நார்க்கழிவு கொட்டி, நனைந்ததை அள்ளி மாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடவில்லையென்றால் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். நோயுற்றிருக்கும் கோழிக்கு மட்டும் அப்போது போட வேண்டாம்.

இரண்டாவது கோழியும் நொண்டினாலோ, தீனியை நிறுத்தினாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நாளில் பல கோழிகள் செத்தால் எதையும் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லையென்று அவர்கள்தான் உறுதி செய்ய வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. நேரில் கொண்டுபோவதானால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு எடுத்துப் போங்கள், காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்க வேண்டாம். அன்றைய எச்சத்தைச் சிறு டப்பாவிலும், கடைசியாக இட்ட முட்டையின் ஓடு இருந்தால் அதையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.