டிடி தமிழும் நம்ம ஊர்க் கலைகளும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனை (டிடி) சுற்றியே இருக்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்து பிழைப்பவன் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாருமே பார்க்காத சேனலுக்கு எதற்கு சார் அரசு பணம்? (கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்)

யாருமே என்பது கொஞ்சம் அதிகம். தூர்தர்ஷனின் குடை டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. அந்தக் குடையை நம்பி டிவி பார்க்கிற வீடுகள் நம்ம பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. ஆனாலும் தனியார் சேனல் அளவுக்குக் கூட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அது கூட்டம் சேர்க்க வைத்த கடையும் இல்லை. நாகஸ்வரக் கச்சேரிக்கு அரை மணி நேரம் தர எந்த விளம்பரதாரர் முன்வருவார்? முந்திரியில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று எவர் பேசவிடுவார்? 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் தொடங்கியதிலிருந்து இந்த மாதிரி விஷயங்களுக்கு இடம் கிடைத்தது அங்கேதான். விவசாய நிகழ்ச்சியைக் கிண்டலடித்தே வளர்ந்த தலைமுறை என்னுடையது. அதனால்தான் அதன் அருமை புரியத் தாமதமானது.

அப்பா தெருக்கூத்துக் கலைஞர். டிவியில் ஆட வைக்க என்ன வழி அண்ணே? (திருவந்திபுரம்)

முதலில் வானொலியில் தொடங்குங்கள் தம்பி. புதுச்சேரி ஆகாசவாணி 1967-லிருந்து இருக்கிறது. குரல் தேர்வில் தேறினால் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் தருவார்கள். சம்பளம் பெரிதாக வராது. ஆனால் நோட்டீஸில் 'வானொலி, தொலைக்காட்சி புகழ்' என்று போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு வரிக்கு அடுத்த திருவிழாவில் கூலி ஏறும். நம்ம ஊரில் அதுதான் நடைமுறை.

அப்புறம், ஒன்றுக்குத் தயாராக இருங்கள். விடிய விடிய நடக்கும் கூத்தை அரை மணி நேரத்துக்குள் அடக்கச் சொல்வார்கள். முதல் வெட்டு திரை வருகையில்தான் விழும். இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடம் மட்டும் மேலே தெரியும், சலங்கை கீழே கேட்கும். முகம் காட்டக் காக்க வைப்பதில்தான் ஆட்டத்தின் பாதி ருசி. ஸ்டுடியோவில் அது 'ஒன்றும் நடக்காத இரண்டு நிமிஷம்' ஆகிவிடும். எந்த இடத்தைக் குறைக்கலாம் என்று அப்பாவே முன்கூட்டி முடிவு செய்துகொண்டு போகட்டும், அந்த வேலையை எங்களைப் போன்ற எடிட்டர்களிடம் விடவேண்டாம். முகவீணை (நாகஸ்வரம் மாதிரிச் சின்ன ஊதுகருவி) வாசிப்பவரை மைக்கிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாட்டு ஒரு வார்த்தையும் புரியாது.

தூர்தர்ஷன் தமிழ் சினிமாவுக்கு ஏதாவது செய்திருக்கிறதா? (திரைப்பட ஆர்வலர், முத்தியால்பேட்டை)

'மறுபக்கம்' ஒன்று போதாதா? கே.எஸ்.சேதுமாதவன் இயக்கியது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் தூர்தர்ஷனும் சேர்ந்து தயாரித்தன. 1990-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. அந்த விருது தமிழுக்கு வந்தது அப்போதுதான் முதல் முறை. கதை இந்திரா பார்த்தசாரதியுடையது. அவர் நம்ம புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பணியாற்றியவர். வசூலை மட்டும் கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர் அந்தக் கதையைத் தொட்டிருக்க மாட்டார்.

பிரான்ஸில் எப்படி? அத்தை அங்கே இருக்கிறார், டிவி நல்லா இருக்கும் என்பார். (குருசுக்குப்பம்)

பிரான்ஸ் 3 என்ற அரசு சேனலில் வட்டாரத்துக்கு வட்டாரம் தனிச் செய்தி உண்டு. பிரெத்தாஞ் பகுதியில் பிரெத்தோன் மொழியிலும் நிகழ்ச்சி வருகிறது. எனக்குப் பொறாமை வருவது அவர்களுடைய காப்பகத்தின் மேல்தான். பழைய ஒளிபரப்புகளைக் காப்பதற்கென்றே 1975-லிருந்து தனி நிறுவனம் வைத்திருக்கிறார்கள். டேப் விலை அதிகம் என்று பழையதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வது அந்தக் காலத்தில் பல நாடுகளின் டிவி நிலையங்களில் நடந்த கொடுமை. அப்படி அழிந்தது போக மிஞ்சியதை, தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தில் ஏற்றுகிறது. உங்கள் தாத்தா எப்போதாவது டிவியில் பாடியிருந்தால் தேடிப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் மீனவர்கள் பற்றி 40 நிமிஷப் படம் எடுத்திருக்கிறேன். டிடி வாங்குமா? (இளம் இயக்குநர், கடலூர்)

40 நிமிஷம் டிவியில் நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் எந்த ஸ்லாட்டிலும் உட்காராது. 26 அல்லது 52 ஆக மாற்றுங்கள். நானாக இருந்தால் 26-க்கு வருவேன், பெரும்பாலான படங்கள் குறைத்தால் நன்றாகத்தான் ஆகின்றன. சினிமாப் பாட்டு பின்னணியில் ஓடினால் எடுத்துவிடுங்கள், உரிமைத் தொல்லை. படத்தில் பேசுபவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள்: இத்தனை முறை ஒளிபரப்பும் உரிமையா, மொத்த உரிமையா? மொத்தமாகக் கொடுத்துவிட்டால் உங்கள் படத்தை நீங்களே திரையிடக் கடிதம் எழுதி அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் ஓடிடியையும் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி நிலையத்துக்கு நேரில் போவது இன்னும் நல்லது. மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அவரவர் ராசி.

எங்கள் கேபிளில் டிடி தமிழே வருவதில்லை. (நெல்லிக்குப்பம்)

2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்ததுதான் அது. பழைய பெயரில் தேடுகிறீர்களோ என்னவோ. உண்மையிலேயே இல்லை என்றால், அரசு குறிப்பிடும் தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே ஆகவேண்டும் என்று 1995 கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. கேபிள்காரரிடம் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.