கடை போடுகிறேன் என்கிற மகனும், பாதி மானியம் என்கிற பேச்சும்

அம்மா, வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பி.காம். முடித்த பையன் வங்கித் தேர்வுக்கு உட்காராமல், அப்பா ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அதே கடைவீதியில் தனியாக ஜெராக்ஸ், பிரின்டிங் கடை போடுகிறேன் என்கிறான், அவர் இருபது வருஷம் நின்ற கால்வலி போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடைசி வரியில், "கவர்மென்ட்டில் பாதி மானியமாமே, அது கிடைத்தால் பயமில்லைதானே" என்றும். அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் எடுக்கப்போகிற முடிவு அதன்மேல்தான் நிற்கிறது.

பாதி கிடையாது அம்மா. உங்கள் மகன் சொல்கிற மாதிரிக் கடைக்கு மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி., அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பொருந்தும். அதில் மானியம் பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. இது பணமாகக் கைக்கு வராது என்பதைத்தான் பலரும் கடைசியில் தெரிந்துகொள்கிறார்கள். கணக்குப் போட்டே காட்டுகிறேன். தம்பியின் திட்டச் செலவு 6 லட்சம், கடை நகரத்தில், நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், உங்கள் கைப்பணம் (பொதுப்பிரிவு என்றால் 10 சதவீதம்). மீதி 5,70,000 வங்கிக் கடன். மானியமான 1,50,000 ரூபாய் வங்கிக்கு வந்து, தம்பி பெயரில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டியும் வராது, கடனில் அதே அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்துக் கடை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். ஆக, மூன்று வருஷம் கடையை ஓட்டிக் காட்டுபவருக்குத்தான் மானியம். முதல் ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது கடன் மட்டும்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொண்ட ஒரு பையன் என்னிடம் வந்திருந்தான். மானியம் வந்ததும் திருப்பிவிடலாம் என்று நினைத்துக் கடை அட்வான்ஸுக்கு மூன்று வட்டிக்கு வெளியே வாங்கிவிட்டான். மெஷின் வந்து இறங்கியது, கடையும் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் வருகிற லாபம் முழுக்க அந்த வட்டிக்கே போனது. அவனுடைய வியாபாரத்தில் ஒரு குறையும் இல்லை, கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான். உங்கள் வீட்டில் அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்தது, எந்தக் கடைக்கு எந்தத் திட்டம் என்பது. பொருளை வாங்கி அப்படியே விற்கிற கடையை அரசு 'வியாபாரம்' என்று எழுதும். நீங்களே ஒரு வேலை செய்து கொடுத்தால் 'சேவை', செய்து விற்றால் 'உற்பத்தி'. பி.எம்.இ.ஜி.பி.யில் வெறும் வாங்கி விற்கும் கடைக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஜெராக்ஸ், டி.டி.பி., பிரின்டிங், பைண்டிங் எல்லாம் சேவையில் வரும், அதற்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், தம்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்கு மட்டும்தான் இந்தத் திட்டம். அதனால் அப்பாவின் பழைய கடையைக் காட்டி இதில் வாங்க முடியாது, தம்பி தன் பெயரில் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வேலையில்லாத இளைஞர்களுக்கான தமிழ்நாடு அரசின் யூ.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் வியாபாரத்துக்கும் இடம் உண்டு, மானியம் 25 சதவீதம், அதைப் பார்ப்பது உங்கள் மாவட்டத் தொழில் மையம். நீட்ஸ் என்று யாராவது சொன்னால், அதுவும் புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாடு அரசின் திட்டம்தான், ஆனால் வேறு கணக்கு, 10 லட்சத்திலிருந்துதான் தொடங்கும், வியாபாரத்துக்குக் கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. குடும்பம் என்றால் மட்டும் முதலில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள், 35 சதவீத மானியம், வட்டியிலும் 6 சதவீதம் குறையும், வியாபாரமும் செல்லும்.

முத்ராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறுதொழில்களுக்காக மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த கடன் திட்டம், அதில் மானியம் இல்லை, முழுக்கக் கடன்தான். ஆனால் அடமானம் கேட்கக்கூடாது, பழைய கடைக்கும் கொடுப்பார்கள். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். என் அபிப்பிராயம், அப்பாவின் கடைக்கு இது நல்லது. பள்ளி திறக்கும் சமயத்தில் நோட்டுச் சரக்கு எடுக்க வெளியே வட்டிக்கு வாங்குகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதை முதலில் நிறுத்தலாம். இரண்டு பேருக்கும் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, போட்டுவிடுங்கள். சில்லறைக் கடைகளையும் 2021-லிருந்து அதில் சேர்த்துவிட்டார்கள். ஆதார், பான் இருந்தால் போதும், அரை மணி நேர வேலை, ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, வங்கியில் என்ன பார்ப்பார்கள்? திட்ட அறிக்கை பளபளப்பாக இருந்தால் கடன் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் ஒருமுறை ஒரு பெண்ணுடன் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் அறிக்கையை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் ஓடும்மா?" அந்தப் பெண் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். தாலுகா ஆபீஸ் எதிரில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் மூன்று வாரம் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், கையில் என்ன காகிதத்தோடு வந்தார்கள், கரண்ட் போன நேரத்தில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். மேனேஜர் நாலு பக்கம் புரட்டினார். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், சிபில் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்) பற்றித்தான்.

தம்பியையும் அதையே செய்யச் சொல்லுங்கள். அவன் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு எதிரில் ஒரு மாதம். மழை நாளும், மாதக் கடைசியும், ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள் வந்துவிடும். அந்த ஒரு மாதத்தை அவன் முணுமுணுக்காமல் செய்தால், கடையில் நிற்கிற பொறுமை அவனுக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பத்து நாளில் விட்டுவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், ஒரு பைசா கடன் வாங்காமலே கிடைத்த பதில்.

வங்கித் தேர்வை விட்டுவிட்டானே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடை என்பது படிப்பு வராதவர்கள் போகிற இடம் இல்லை அம்மா. வாடகை, சரக்கு, வரவு, வரி எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் வைத்து நடத்துவதற்கு அந்த பி.காம். வேண்டித்தான் இருக்கிறது. பயமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது: தேர்வுக்கு இன்னும் வயதிருக்கிறது, கடைக்கு மூன்று வருஷம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தம்பி வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டுப் பத்திரத்தை மட்டும் யார் கேட்டாலும் எடுக்காதீர்கள். 10 லட்சம் வரை இந்தச் சிறுதொழில் கடன்களுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியே சொன்ன விதி, கிளையில் தயங்கினால் அதைச் சொல்லுங்கள், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த ஒரு மாத நோட்டு முடிந்ததும் தம்பியை அனுப்புங்கள். அப்பாவின் பழைய வரவு செலவு நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், அவரே கூட வந்தால் இன்னும் நல்லது. மூன்று பேருமாக வாடகைக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.