பாட்டியை ஏன் வேண்டாம் என்றீர்கள்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகள். பாடத்தை நாடகமாக்கி, வசனம் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் பழக்கினேன். நாலு பேர் ஒப்பிக்கிறார்கள், மற்றவர்கள் கூச்சல். நீலகிரியின் படுகர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, தன் பாட்டி நன்றாகக் கதை சொல்வார், கூட்டி வரட்டுமா என்றாள். அவருக்குத் தமிழ் சரளமாக வராது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். நடிப்பு, கதையெல்லாம் நேர விரயம்தானோ?

பதில்: கூச்சலை விடுங்கள். அந்த ‘வேண்டாம்’தான் எனக்கு உறுத்துகிறது. எட்டு வயதுப் பெண் தன் வீட்டுப் பெருமையை உங்களிடம் கொண்டுவந்தாள், திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வீட்டுப் பேச்சு பள்ளிக்கு ஆகாது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்கும். பெரியவர்களை மதிக்கச் சொல்லிக் கொடுப்பவர் செய்கிற காரியமா இது?

வசனத் தாள்களை எடுத்து வையுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை எதிராளி பேசுவதைக் கேட்பதில்லை, தன் முறைக்குக் காத்திருக்கிறது. பேச்சு வளர்வது பதில் சொல்லும்போதுதான்.

பாட்டி படுக மொழியிலேயே சொல்லட்டும். மூன்று, நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் பேத்தி தமிழில் சொல்வாள். இதற்குப் பத்து நிமிடம். முடிவுக்கு முன்பே கதையை நிறுத்தச் சொல்லுங்கள். நாலு நாலு பேராக ஆறு குழு. அடுத்து என்ன நடக்கும் என்று பேசி முடிவெடுக்க ஐந்து நிமிடம், குழுவுக்கு இரண்டு நிமிடம் நடிப்பு. சும்மா உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள்தான் கூச்சல் போடும். பார்க்கும் குழு ஒவ்வொன்றும் ‘நரியே, ஏன் பொய் சொன்னாய்?’ என்பதுபோல் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தன் பாத்திரம் பேசியதை ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எழுதாவிட்டால் விளையாட்டோடு போய்விடும். முடிவைப் பாட்டி கடைசியில் சொல்லட்டும். அடுத்த முறை குழுவில் நாலு பேரும் பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதே நாலு பேர்தான் ராஜா.

கணக்குக்கும் இதே வழி. ஒரு பிள்ளை தேயிலைக் கொழுந்து கொண்டுவரட்டும், ஒன்று எடை போடட்டும், ஒன்று சீட்டு எழுதட்டும். 14 கிலோவில் சாக்குக்கு 1 கிலோ கழித்தால் எவ்வளவு? சீட்டில் தப்பு வந்தால் கொண்டுவந்தவளே சண்டைக்கு வருவாள்; நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

நாளை சாயங்காலம் அந்த வீட்டுக்கு நீங்களே போங்கள். பிள்ளையிடம் சொல்லியனுப்பாதீர்கள். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு அழையுங்கள். காலைப் பனியில் வரவழைக்காமல் பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். தரையில் உட்காரவைக்காதீர்கள், நாற்காலி போடுங்கள்.