முதலில் கதையா, படமா?

நண்பரே, 'தி திங்' என்ற ஹாலிவுட் திகில் கதையின் 1951, 1982 படங்களில் எதை முதலில் பார்ப்பது, மூலக்கதையைப் படித்துவிட்டால் திகில் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஜான் கார்பென்டரின் 1982 படத்திலேயே தொடங்குங்கள். அண்டார்டிகா முகாம் ஒன்றில், மனிதர்களைப் போலவே உருமாறும் வேற்றுக்கிரக ஜந்து புகுந்துவிடுகிறது; எவன் மனிதன், எவன் போலி என்ற சந்தேகம்தான் அதன் உயிர். கதை தெரிந்தால் பாதி போச்சு. போலியைக் கண்டுபிடிக்கச் சூடான கம்பியை ஒவ்வொருவர் ரத்தத்திலும் வைத்துப் பார்க்கும் காட்சி ஒன்றே போதும். அந்த ஜந்து ரப்பர் பொம்மை என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் மூலக்கதையான ஜான் கேம்பலின் 1938 குறுநாவலைப் படியுங்கள். ரத்தச் சோதனை அதிலும் உண்டு, ஆனால் பேச்சு கொஞ்சம் அதிகம். 1951 படத்தில் ஆள்மாறாட்டச் சங்கதியையே தூக்கிவிட்டார்கள். களமும் அண்டார்டிகா இல்லை, ஆர்க்டிக். என்னைக் கேட்டால் சுமார்தான், நேரமிருந்தால் பாருங்கள். கார்பென்டர் படத்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடாதீர்கள்.