நத்தார் கேக்கும் வீட்டு நாயும்

அன்பின் அக்காவுக்கு,

மாங்குளத்துக்குக் கிட்ட இருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் நிற்கின்றன. போன நத்தாருக்குப் பிள்ளைகள் பாசத்தில் நாய்க்கும் கேக் துண்டு கொடுத்துவிட்டார்கள். அது இரவு முழுக்கச் சத்தி எடுத்தது. இந்த முறை கேக்கை வீட்டிலேயே அடிக்க விருப்பம். சின்ன மின் அவண் ஒன்று இருக்கிறது. மாரி மழைக்குள் வீட்டில் நத்தார் களை வரவேண்டும், நாய் பூனையும் அதில் சேரவேண்டும். எப்படிச் செய்யலாம்?

— ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

முதலில் அந்தச் சத்தி. பட்டரும் சீனியும் கூட நாயின் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியது கேக்குக்குள் இருக்கும் பிளம்ஸுக்கு, அதாவது முந்திரிகை வத்தலுக்கு. அது நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இவ்வளவு தின்றால்தான் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று கொஞ்சத்திலேயே விழுந்துவிடும். பழத்தில் உள்ள தார்த்தாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் பழத்துக்குப் பழம் கூடிக் குறையும். பழப்புளியிலும் அதுதான் இருக்கிறது. ஆகவே புளி விட்ட மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அதற்காகக் கேக்கில் பழத்தைக் குறைக்க வேண்டாம். பழமில்லாமல் நத்தார் கேக் இல்லை. நாய்க்கு வேறாகச் சுடுவோம், அதே நாளில், அதே அவணில்.

7 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு: ரவை, பட்டர், சீனி மூன்றும் 125 கிராம் வீதம், முட்டை மஞ்சள்கரு 6, வெள்ளைக்கரு 2, பிளம்ஸ் 250 கிராம், பூசணித் தோசி 150, கஜு 125, இஞ்சித் தோசி 50, செரி 50. வாசத்துக்குக் கறுவா, ஏலம், கராம்புத் தூள் எல்லாமாக ஒரு தேக்கரண்டி, பன்னீர் ஒரு மேசைக்கரண்டி, தேன் இரண்டு, வனிலா கொஞ்சம். பழங்களைப் பொடியாக வெட்டி, தேனும் பன்னீரும் விட்டு முதல்நாளே மூடி வையுங்கள். பிராந்தி சேர்ப்பவர்கள் 3 மேசைக்கரண்டி விடலாம். சேர்க்காத கேக் மாரி ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நத்தாருக்கு ஐந்தாறு நாள் முன்பு சுட்டால் போதும்.

ரவையைச் சிவக்க விடாமல் மெல்லிய சூட்டில் வறுத்து, சூடாக இருக்கும்போதே பட்டரில் கலந்து இரண்டு மணித்தியாலம் ஊற விடவேண்டும். பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். ஊறாத ரவை வெந்தாலும் வாயில் மணல் மாதிரி நெருடும். பிறகு மஞ்சள்கருவையும் சீனியையும் வெளிறும் வரை அடித்து, அதில் ரவையையும் பழங்களையும் சேருங்கள். வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் அகப்பையால் மெதுவாகக் கலவுங்கள். மிக்சரைப் போட்டால் நுரை உடைந்து கேக் கல்லாகிவிடும்.

சின்ன அவணில் மேல் கம்பி கேக்குக்குக் கிட்ட இருப்பதால் உள்ளே வேகமுன் மேல்புறம் கருகும். தட்டுக்குள்ளே அடியிலும் சுற்றிலும் பத்திரிகைத் தாள் மூன்று மடிப்பு, அதன்மேல் எண்ணெய்த் தாள் போடுங்கள். கீழ்த் தட்டிலேயே வைத்து, 150 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். 40 நிமிடம் கழிந்ததும் மேலே அலுமினியத் தாள் மூடலாம். ஈர்க்கு குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது, எண்ணெய்ப் பசை இருக்கலாம். இடையில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் உள்சூடு தாங்கும்.

இப்போது நான்கு வெள்ளைக்கரு மிஞ்சியிருக்கும். நாயின் பங்கு அதில்தான். வறுத்த அரிசிமா 200 கிராம், அவித்து மசித்த மஞ்சள் பூசணி 75 கிராம், அவித்துக் கொத்திய கோழி ஈரல் 100 கிராம், இரண்டு வெள்ளைக்கரு. உப்பு, சீனி, வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். மா இறுகினால் ஈரல் அவித்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்துக் குழையுங்கள். அரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, பிள்ளைகளைக் கொண்டு வெட்டுவியுங்கள், நட்சத்திரமோ மணியோ. அரிசிமாவுக்கு இழுவை இல்லாததால் ஓரம் வெடிக்கும். ஈரக் கையால் அழுத்திவிட்டால் சரி. கேக் இறங்கியதும் 160 பாகையில் 35 நிமிடம், பாதியில் புரட்டிப்போட்டு. பிறகு அவணை நிறுத்தி, அந்தச் சூட்டிலேயே ஒரு மணித்தியாலம் காய விடுங்கள். உடைத்தால் ‘டக்’ என்று முறியவேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம், இரண்டு நாளில் பூஞ்சணம். நன்றாகக் காய்ந்தது தகரத்தில் நாலைந்து நாள் நிற்கும். நம் ஊர் நாயின் அளவுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும். தின்பண்டம் நாளாந்த உணவில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது.

மற்ற இரண்டு வெள்ளைக்கருவையும் அவித்து அதன் சோற்றில் போடலாம்.

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதற்கு பிஸ்கட் சுட்டு மினக்கெடாமல், உப்பில்லாமல் அவித்த சூடை மீனை முள் நீக்கிக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்புக் கூட.

சோடனையில் ஆபத்து நாயைவிடப் பூனைக்கே அதிகம். மினுங்கும் சரிகை நூலை விழுங்கினால் அது குடலில் சிக்கிக் குடலையே அறுத்துவிடும். ஆகவே சவுக்குக் கிளையில் சரிகைக்குப் பதிலாகத் துணிப்பூ, ஓலையில் பின்னிய நட்சத்திரம், உலர்ந்த தோடம்பழ வட்டம் என்று கட்டுங்கள், அழகும் கூட. கிளை நட்ட வாளியில் மணல் தெரிந்தால் பூனை அதை மலகூடமாக்கும், மேலே கூழாங்கல் பரப்புங்கள். கிளையை யன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். பாலன் குடிலுக்குள் பூனை போய்ப் படுக்கும், படுக்கட்டும். மெழுகுதிரியை மட்டும் அங்கே வைக்காதீர்கள். வைக்கோல் நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

வெடி விசயம். வன்னியில் அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு பதறும் மனிதர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலாவது மத்தாப்போடு நிறுத்துங்கள். அயலில் கொளுத்துவார்கள்தான். 24ஆம் திகதி பொழுதுபட முன்பே நாயை உள்ளறைக்கு எடுத்து, தண்ணீரும் பழைய சாக்கும் வைத்து, வானொலியைப் போட்டுவிடுங்கள். வெளியே சங்கிலியில் கட்டினால் பயத்தில் கழுத்தை அறுத்துக்கொள்ளும்.

25ஆம் திகதி அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. வைத்தியரின் கைத்தொலைபேசி இலக்கத்தை 23ஆம் திகதியே கேட்டு வாங்கி வையுங்கள். நாய் கேக்கைத் தின்றுவிட்டால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, சத்தி வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். சத்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் பருக்காதீர்கள், அந்த உப்பே நஞ்சாகும். தின்று ஒன்றிரண்டு நாளில் சலம் குறைந்தாலோ, சாப்பாட்டை மணந்தும் பாராமல் படுத்தாலோ, வவுனியாவோ கிளிநொச்சியோ கிட்ட உள்ள வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகமுன் கேக் தகரத்தை மேசையில் விடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தகர மூடியை நாய் பல்லாலேயே கழற்றிவிடும்.