அண்டை நாடுகளுக்கு இந்தியா தரும் உதவி: கேள்வி பதில்

அண்டை நாடுகளுக்கு இந்தியா வழங்கும் மானியங்களையும் கடன்களையும் பற்றி வந்திருந்த கேள்விகளுள் ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: இந்தியாவின் வெளிநாட்டு உதவிக் கொள்கை எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது?

ஓர் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல இயலாது. இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. உதவி முதலில் தொடங்கியது. அதை நிர்வகிக்கும் அமைப்பு வெகுகாலம் கழித்தே வந்தது. 1950-களில் இந்திய ராணுவப் பொறியாளர்கள் நேபாளத்தில் திரிபுவன் ராஜபாதையை அமைத்தார்கள். அதே பத்தாண்டில்தான் இந்தியா அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கோதுமை பெறத் தொடங்கியது. இப்படித் தானே உதவி பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1964-இல், பிற நாட்டு அலுவலர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஐடெக் திட்டமும் தொடங்கப்பட்டது. 2003-04 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், சில பெரிய நாடுகளைத் தவிர மற்றவற்றிடமிருந்து இனி உதவி பெறுவதில்லை என்றும், கடன்சுமை மிகுந்த சில ஏழை நாடுகள் இந்தியாவுக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்வதாகவும் அறிவித்தார். தனி முகமை அமைக்கும் யோசனை 2007 பட்ஜெட் உரையில் இடம்பெற்றும் நிறைவேறவில்லை. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள்ளேயே வளர்ச்சிக் கூட்டாண்மைக்கான பிரிவு உருவானது. தேர்வில் கேட்டால் 1964, 2003, 2012 ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள்.

மதுரை வாசகர்: உள்ளூரில் சாலைக்கும் பள்ளிக்கும் பணமில்லை என்கிறார்கள். பூடானுக்கு மட்டும் எதற்கு ஆயிரக்கணக்கான கோடி?

முதலில் அளவைப் பார்ப்போம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பூடானுக்கு 2,150 கோடி ரூபாயும், எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5,500 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. மத்திய அரசின் மொத்தச் செலவோ 50 லட்சம் கோடிக்கு மேல். இந்தத் தொகையை நிறுத்திவிட்டால் நம் பள்ளிகளின் நிலை மாறிவிடும் என்று நான் கருதவில்லை.

பூடானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1961-இல் முழுக்க இந்தியப் பணத்தில்தான் தொடங்கியது. பிறகு 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்துக்கு 60 சதவீதம் மானியமாகவும் 40 சதவீதம் கடனாகவும் தரப்பட்டது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தைப் பூடான் இந்தியாவுக்கே விற்றது. ஆகவே கொடுத்ததில் ஒரு பகுதி மின்சாரமாக நமக்குத் திரும்பி வந்தது. 2019-இல் இயங்கத் தொடங்கிய 720 மெகாவாட் மாங்தேச்சு நீர்மின் நிலையத்தில் மானியம் 30 சதவீதம்தான், மீதி 70 கடன். கொள்கை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை இந்த இரண்டு விகிதங்களே காட்டிவிடுகின்றன. கடன் பங்கு கூடும்போது, கட்டுமானம் தாமதமானால் ஏறும் வட்டி சிறிய நாட்டின் தலையில் விழும். நிலவியல் சிக்கலால் பல்லாண்டுகள் தள்ளிப்போன புனாட்சாங்சூ நீர்மின் திட்டத்தில் பூடானின் கவலையும் அதுதான்.

கோவை, ஏற்றுமதித் தொழில் செய்பவர்: கடனாகத் தரும் பணம் அந்த நாட்டு அரசின் கைக்குப் போகிறதா?

பெரும்பாலும் போவதில்லை. 'லைன் ஆஃப் கிரெடிட்' எனப்படும் இந்தக் கடனை, மத்திய அரசுக்குச் சொந்தமான ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழங்குகிறது. சந்தை வட்டிக்கும் சலுகை வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மத்திய அரசு ஈடுசெய்கிறது. வேலை நடக்க நடக்க, ஒப்பந்தம் எடுத்த இந்திய நிறுவனத்துக்கே வங்கி நேரடியாகப் பணம் செலுத்தும். சரக்கிலும் சேவையிலும் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வாங்கப்பட வேண்டும் என்பது விதி. உங்களைப் போன்றோருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் சிமென்ட்டும் செங்கல்லும் உள்ளூரிலேயே மலிவாகக் கிடைக்கும் பங்களாதேஷ் போன்ற நாட்டில் சாலைப் பணிக்கு இந்த விதி இடைஞ்சலாகிறது. 2010-இல் அந்நாட்டுக்கு 100 கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டு, அதில் 20 கோடி பின்னர் மானியமாக மாற்றப்பட்டது. அடுத்தடுத்து அறிவிப்புகள் பெருகின. செலவான தொகை அவற்றைவிட வெகுவாகப் பின்தங்கியே இருந்தது. என்னைக் கேட்டால், இந்தியாவின் உதவிக் கொள்கையில் உள்ள பெரிய குறை பணப் பற்றாக்குறையன்று, இந்த இழுபறிதான்.

யாழ்ப்பாண வாசகர்: இலங்கையில் நடந்த இந்திய வீட்டுத்திட்டம் நல்ல முன்மாதிரி என்று கூறலாமா, ஐயா?

வழங்கிய முறையில், ஆம். முன்னோட்டமாக 1,000 வீடுகள் ஒப்பந்ததாரர்களைக் கொண்டு கட்டப்பட்டன. அதன் பின், 2012 அக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில், பயனாளியே தன் வீட்டைக் கட்டும் முறை வந்தது. அத்திவாரம், சுவர், கூரை என வேலை முன்னேற, பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணையாகப் பணம் வந்தது. ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், முழுவதும் மானியம். மொத்த இலக்கு 50,000 வீடுகள், மலையகத்துக்குரிய 4,000 அதில் அடக்கம். பல குடும்பங்கள் அந்தத் தொகையோடு தங்கள் கைப்பணத்தையும் கடனையும் சேர்த்தே வீட்டை முடித்தன என்பது நியாயமான குறை. மேசனையும் மரத்தையும் குடும்பமே தெரிவு செய்ததால் பணம் இடையில் சிதறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னை வாசகர்: 2022-இல் தமிழ்நாடு அரசு இலங்கைக்கு அரிசி அனுப்பியதே, மாநிலம் தானாக உதவி செய்யலாமா?

முடியாது, வெளியுறவு மத்தியப் பட்டியலில் உள்ளது. சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற பிறகே அரிசியும் பால்மாவும் மருந்தும் அந்த ஆண்டு மே மாதம் கப்பலேறின.

திருநெல்வேலி வாசகர்: இவ்வளவு கொடுத்தும் அண்டை நாடுகளில் நம் மீது கசப்பு இருப்பது ஏன்?

உதவி ஒரு வழியில் போகையில் அரசியல் வேறு வழியில் போவதுதான் காரணம். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் நேர்ந்தபோது இந்திய மீட்புக் குழுக்கள் சில மணி நேரத்தில் சென்று சேர்ந்தன. ஜூனில் 100 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் புதிய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் எல்லையில் சரக்கு லாரிகள் நின்றன. எரிவாயுவும் பெட்ரோலும் மருந்தும் தட்டுப்பாடாயின. அந்தச் சட்டத்தை எதிர்த்து, தெற்கு நேபாளச் சமவெளியில் வாழும் மாதேசிகள் நடத்திய போராட்டமே காரணம் என்றது புதுடெல்லி. இந்தியா விதித்த முற்றுகை என்றது காத்மாண்டு. அடுத்த மார்ச்சில் நேபாளப் பிரதமர் ஒலி பெய்ஜிங் சென்று, சீனாவுடன் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொண்டார். கோர்க்கா, நுவாகோட் மாவட்டங்களில் 50,000 வீடுகளுக்கான இந்திய உதவி அதன் பின்னும் தொடர்ந்தது. அந்த வீடுகளைவிட, சமையல் எரிவாயு உருளைக்கு வரிசையில் நின்ற மாதங்களைத்தான் காத்மாண்டு அதிகம் பேசியது.