அந்த நோட்டைப் புடுங்கிப் போடாதீங்க அம்மணி

கேள்வி: என்ற ஊட்டுக்காரரு 22 வருசம் பட்டாளத்துல இருந்துட்டு பென்சன்ல வந்து ரெண்டு வருசமாச்சுங்க. ராத்திரி தூங்கறதில்லைங்க, மாரியம்மன் நோம்பிக்கு வேட்டு போட்டா மாட்டுக் கட்டுத்தறிக்குள்ள போயி உக்காந்துக்கறாரு. டாக்டர் தூக்க மாத்திரை மட்டும் குடுத்தாரு. இப்ப பையனோட நோட்டுல பென்சில்ல மலை மலையா வரைஞ்சுட்டே இருக்காரு. கிறுக்குப் புடிச்சிருச்சு, மந்திரிக்கோணும்ங்கறாங்க மாமியார். வரையறத நிறுத்தச் சொல்லட்டுங்களா?
— ஒரு வாசகி, கோபிச்செட்டிபாளையம் பக்கம்

பதில்: சொல்லிப்போடாதீங்க அம்மணி. அந்த நோட்டு தீந்தா இன்னொன்னு வாங்கிக் குடுங்க.

வேட்டுக்கு அவரு ஒடுங்கறது கிறுக்கில்லைங்க, சத்தம் கேட்டா குனியோணும்னு இத்தன வருசம் பழகுன ஒடம்பு, ஊருக்கு வந்துட்டோம்ங்கறது அதுக்கு இன்னும் புரியல. டாக்டருங்க பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான அனுபவத்துக்கப்பறம் மனசுல தங்கிப்போற பாதிப்புங்கறது இதுவா இருக்கலாம், ஆனா லெட்டரப் பாத்து நான் முடிவு சொல்லக்கூடாது, மனநல டாக்டர் நேர்ல பாத்துத்தான் சொல்லோணும்.

சில விசயம் வாய்ல வராதுங்க, கண்ணுக்குள்ள படமாவும் காதுல சத்தமாவுமே கெடக்கும், கைக்கு ஒரு பென்சில் கெடச்சா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். அமெரிக்காவுல வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரில, அடிபட்டு வந்த சோல்ஜருங்ககிட்ட ஒரு வெறும் முகமூடியக் குடுத்து பெயிண்ட் அடிக்கச் சொல்றாங்க, பாதி மூஞ்சி ஒரு மாதிரி பாதி மூஞ்சி வேற மாதிரின்னு வரையறவங்க உண்டு, பக்கத்துல அதுக்குன்னு படிச்ச கலை சிகிச்சையாளர் இருப்பாங்க, அந்த முகமூடிய வெச்சுத்தான் பேச்சே ஆரம்பிக்கும். கலை சிகிச்சைன்னு 1942ல பேரு வெச்சவரு ஏட்ரியன் ஹில், அவரே முதல் உலகப்போருக்குப் போயிட்டு வந்த ஓவியர். நம்மூருக்கும் இது புதுசில்லீங்க, அண்ணமார் சாமி கோயில்ல பொன்னர் சங்கர் போர்க்கதைய நடத்திக் காட்டற படுகளத்துல உடுக்கையடிச்சுப் பாடப் பாட செத்தவங்களாட்ட விழுந்து கெடக்கறவங்கள தண்ணி தெளிச்சு எழுப்புவாங்களே, மாமியார்கிட்ட அத எடுத்துச் சொல்லிப் பாருங்க.

"இது எந்த மலை, அங்க என்ன ஆச்சு"ன்னு நோண்டாதீங்க, அவரா சொன்னா கேட்டுக்குங்க. வரைஞ்சப்பறம் நடுக்கமோ கோவமோ சாஸ்தியானா சீக்கிரமா டாக்டர்கிட்ட போயிரோணும், ஏன்னா படம் வரையறது சிகிச்சைக்கு தொணைதான், படமே சிகிச்சை ஆயிராது.

எனக்கு மனசு ஆறாதது அந்த டாக்டர் கேக்காம விட்ட கேள்விதானுங்க. எங்க சித்தப்பாவும் பட்டாளத்துக்காரர்தான், ஆஸ்பத்திரில சுகர் பாத்தாங்க பிரஷர் பாத்தாங்க, பட்டாளத்துல எங்க இருந்தீங்கன்னு ஒருத்தர் கேக்கல, நாங்களும் கேக்கல, கோவக்காரர்னு பேரு வெச்சு தோட்டத்துச் சாளைல தனியா விட்டுட்டோம். நம்ம பக்கம் இத்தன நர்சிங் காலேஜ் இருக்குதே, பட்டாளத்துல இருந்து வந்தவங்கள ரெண்டு பேரக் கூப்புட்டு பொண்ணுங்க முன்னாடி பேசச் சொன்னா என்னங்க, ஓபி சீட்டுல "ராணுவத்துல இருந்தாரா"ன்னு ஒரு கட்டம் சேத்தா என்னங்க.

அது வர்ற வரைக்கும் நீங்கதான் டாக்டருக்கு சொல்லிக் குடுக்கோணும். எத்தன வருசம் சர்வீஸ், எங்கெங்க போஸ்டிங், எப்ப இருந்து தூக்கமில்ல, வேட்டுக்கு என்ன பண்றாரு, கேண்டீன் பாட்டில் எத்தன காலியாகுதுன்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. பாட்டில் விசயத்த மறைச்சுராதீங்க, தூக்க மாத்திரையும் சரக்கும் சேந்தா மூச்சே அடங்கிப் போகலாம். அவரு சம்மதிச்சா அந்த நோட்டையும் காட்டுங்க. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தோட இசிஎச்எஸ் கார்டு இருந்தா பாலிகிளினிக்ல மனநல டாக்டருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. இருந்தென்ன பண்றதுன்னு அவரு பேசுனா, சாகோணும்னு தோணுதான்னு நேராவே கேட்டுருங்க, கேக்கறதால அந்த நெனப்பு வந்துராது, அந்த நிமிசமே அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலி மனாஸ் 14416க்குப் போன் போடுங்க, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசில்ல.

அப்பறம் அடுத்த நோம்பிக்கு வேட்டு எத்தன மணிக்குன்னு கோயில்ல முன்னாடியே கேட்டு அவருகிட்ட சொல்லி வெச்சிருங்க. வேண்டாம்னாருன்னா அன்னிக்கு ஒரு பொழுதுக்கு உங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, நோட்டையும் பென்சிலையும் பையில எடுத்துக்குங்க.